மங்கும் மாலையும்: கல்யாணப் படக் கேள்வி-பதில்

சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்யாணப் படங்களைப் பற்றியவை. (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல காலம் ஆகிறது, நம் வாயில் இன்னும் பழைய பேர்தான்.) "மற்றவர்கள் எடுக்காத மாதிரி வேண்டும்" என்று எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். புகைக்குண்டும் பூ வளையமும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அவை எல்லார் ஆல்பத்திலும் இருக்கும். உங்கள் பாட்டி ரப்பர் மரம் சீவப் போகையில் நெற்றியில் கட்டிய தலைவிளக்கு உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அப்படிப்பட்டதைப் படத்துக்குள் கொண்டுவர என்ன வெளிச்சம் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே கெடும் என்று பார்ப்போம்.

கே: தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கியது. இப்போது எங்களிடம் இருக்கிறது. அதே மாதிரி நாங்கள் இருவரும் நின்று ஒரு படம் எடுக்க ஆசை. ஆனால் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து எடுக்கலாமா?
— மணப்பெண், பத்தாங் பெர்ஜுந்தை

ப: பிரிக்காதீர்கள். படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் நம் ஊர் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும், வெறும் காகிதம்தான் கையோடு வரும். தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல அது.

கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். சட்டத்தையும் பின் அட்டையையும் மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை லேசாக ஈரமான துணியால் துடைக்கலாம். நேராக எதையும் தெளிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கிவிடும். மேசையில் படுக்கவைத்து, கேமரா முக்காலியில் (டிரைபாட்) கேமராவைக் கீழ்நோக்கி மாட்டுங்கள். 50 முதல் 100 மி.மீ. லென்ஸ், எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), பொத்தானை அழுத்தியபின் இரண்டு வினாடித் தாமதம். கேமரா சாய்ந்திருந்தால் தாத்தாவின் தோள் ஒருபக்கம் அகன்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: படத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை, பொட்டு வைக்கும் கண்ணாடி போதும், மல்லாத்தி வையுங்கள். திரையின் நடுவில் லென்ஸ் தன்னையே பார்த்தால் நேராக இருக்கிறது என்று பொருள். பிறகு அந்தப் பொட்டுக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள்.

விளக்கு இரண்டு, ஒரே ரகம், இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில். மற்ற விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கேமராவுக்கும் படத்துக்கும் நடுவே லென்ஸ் நுழையும் ஓட்டை போட்ட கறுப்புத் துணியைப் பிடியுங்கள். இல்லையென்றால் உங்கள் சட்டையும் மேற்கூரையும் கண்ணாடியில் தெரியும். ஒட்டிய இடம் கருத்தும் ஒட்டாத இடம் வெளுத்தும் வரும். அதை எந்த விளக்காலும் சரிசெய்ய முடியாது, கணினியில்தான் சமப்படுத்த வேண்டும். ஒட்டாத சின்னப் படங்கள் இருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). கண்ணாடியோடு இருப்பதை ஸ்கேனரில் வைக்காதீர்கள். கண்ணாடிமேல் கண்ணாடி படும்போது எண்ணெய்ப் படலம்போல் வளையம் வளையமாகத் தெரியும்.

இனி நீங்கள் நிற்கவேண்டிய படம். பழைய படமே எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு கீழே விழுகிறது என்று பாருங்கள். விளக்கு அதற்கு எதிர்ப்பக்கம், மேலே இருந்திருக்கிறது. பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலியின் மேல்தட்டு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். கொஞ்சமாகத் தெரிந்தால் கேமரா அந்தத் தட்டைவிடச் சற்றே உயரத்தில், ஏறக்குறைய இடுப்பளவில் இருந்திருக்கிறது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண் உயரத்தில் வைத்து எடுத்தால் சேலையும் பூச்சாடியும் ஒன்றாக இருந்தாலும் படம் 'அந்தக் காலத்துப் படம்' ஆகாது.

முழு உருவப் படத்துக்கு ஆளிலிருந்து சுமார் நான்கு மீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸால் எடுங்கள். கைப்பேசியின் அகல லென்ஸோடு கிட்டே போனால் பாதம் பெருத்துத் தலை சிறுக்கும். பழைய ஸ்டூடியோ விளக்குகள் நிழலைக் கூர்மையாக விழச்செய்தவை. ஆகவே ஒளியை மென்மையாக்கும் குடை, பெரிய பெட்டி எல்லாம் வேண்டாம். மறைப்பில்லாத ஒரே பிளாஷ், ஆளிலிருந்து இரண்டு மீட்டர் தூரம், தலைக்கு ஒரு முழம் மேலே. பின்திரைக்குப் பளபளக்கும் பேனர் அச்சு வேண்டாம், விளக்கைத் திருப்பி அடிக்கும். மூன்று மீட்டர் அகலச் சாம்பல் நிறப் பருத்தித் துணியை ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் போதும்.

நிறத்தில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். அரக்குச் சேலையும் பச்சைக் கரையும் ஒரே சாம்பலாகிக் கரை காணாமல் போகும். மாற்றும்போது சிவப்பைக் கொஞ்சம் இறக்கிப் பச்சையை ஏற்றினால் கரை எழும்பும். பொய்க் கீறல், பொய்ப் பழுப்பு எதுவும் சேர்க்காதீர்கள், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் உடனே பல்லிளிக்கும். 8-க்கு 10 அங்குல அச்சுக்கு 2400-க்கு 3000 பிக்ஸல் தேவை. சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இரண்டு மூன்று மி.மீ. அட்டை வளையம் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பேரப்பிள்ளை இதே கேள்வியோடு எங்களுக்கு எழுத வேண்டியிராது.

கே: நான் பிறந்த தோட்டத்தில் லயங்களை இடித்துவிட்டார்கள். கோயிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் மட்டும்தான் மிச்சம். கல்யாணத்துக்கு முன்பு அங்கேதான் படம் எடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். எப்படி ஏற்பாடு செய்வது? ரப்பர்ப் பால் வாளி, மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கு எல்லாம் கொண்டுபோகலாமா?
— மாப்பிள்ளை, கோல சிலாங்கூர் சாலை

ப: முதலில் தோட்ட அலுவலகம். அது நிறுவனத்தின் நிலம், பிறந்த மண் என்பது காவல் சாவடியில் செல்லாது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே நிர்வாகிக்குக் கடிதம் கொடுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், கார் எண்கள், எந்தக் கட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அன்றைக்கு எந்தக் கட்டத்தில் குலை வெட்டு, எங்கே மருந்தடிப்பு என்று கேட்டு அந்த இரண்டையும் தவிருங்கள்.

பலரும் உயர்ந்த செம்பனைக்குள் போய் நிற்கிறார்கள். அங்கே வெளிச்சமும் குறைவு, ஆபத்தும் உண்டு. தரையில் உதிர்ந்த பழம் கிடந்தால் மேலே குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். இருபது கிலோ குலை விழக்கூடிய இடம், அதன்கீழ் நிற்காதீர்கள். வெட்டிய மட்டையை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குவித்திருப்பார்கள். பாம்பு, தேள் தங்குவது அதில்தான். ஆள் நடக்கும் பாதை வரிசையிலேயே இருங்கள். மட்டையின் அடியில் முள், சேலை முந்தானை அதில் மாட்டினால் பட்டு கிழியும். உதிர்ந்த பழத்தை மிதித்த செருப்போடு சேலை உரசினால் ஆரஞ்சுக் கறை போகாது. பழைய படுக்கை விரிப்பு ஒன்று கொண்டுபோய், நிற்கிற இடத்தில் போட்டு, கடைசி நிமிடத்தில் உருவுங்கள். கொசு மருந்தைப் பட்டின்மேல் தெளிக்காதீர்கள், கையில் தடவிக்கொள்ளுங்கள்.

மறுநடவு செய்து மூன்று நான்கு வருடமான இளம் கட்டம் கிடைத்தால் அதுவே சிறந்தது. வானம் தெரியும், மட்டை தோளளவில் இருக்கும். செம்பனையை ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். அதனால் சரியான இடத்தில் நின்றால் மூன்று திசையிலும் நேர்வரிசை தெரியும், ஓரடி நகர்ந்தால் எல்லாம் கலைந்து காடாகிவிடும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி இடமும் வலமும் நகர்ந்து, மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும் புள்ளியைப் பிடித்துத் தரையில் ஒரு குச்சி நட்டுவையுங்கள். அதற்குப் பிறகு ஜோடியை நிறுத்துங்கள்.

இலைவழி வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை பூசும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 6500 கெல்வின் அளவில் வைத்து, நிறச்சாயலை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். முகத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வெள்ளைப் பிரதிபலிப்பான் பிடித்தால் பாதிப் பச்சை போய்விடும். தங்கநிறப் பிரதிபலிப்பான் வேண்டாம், மஞ்சள் பூசிய முகம்போல் ஆகும்.

மாலை 5.45 முதல் 6.45 வரை. அதற்கு அரைமணி முன்பே இடத்தில் இருங்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது. மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும் நேரம் சுமார் இருபது நிமிடம்தான். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். அந்த மாதங்களில் காலை 7.30-ஐ எடுத்துக்கொள்வது நல்லது.

பால் வாளி பற்றி. செம்பனைக்கு நடுவே பால் வாளியோடு நிற்காதீர்கள். தோட்டத்து ஆள் யார் பார்த்தாலும் பொய் என்று சொல்லிவிடுவார். சுற்று வட்டாரத்தில் எங்காவது சிறுதோட்டக்காரர் பால்மரம் வைத்திருந்தால் அங்கே போய் எடுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலை சிவந்து உதிரும்போது வாய்த்தால் பெரும்பேறு. இல்லையென்றால் செம்பனை வாழ்க்கையையே எடுங்கள், அதற்கும் வரலாறு உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. குலை வெட்டும் கோலை மட்டும் அலங்காரத்துக்குக் கையில் எடுக்காதீர்கள், அதன் நுனி விளையாட்டல்ல.

மங்கை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பழைய பீங்கான் மங்கு 21 கிடைத்தால் தேங்காய் எண்ணெயும் திரியும் போட்டு, கோயில் வாசலில் இருந்து ஜோடி நிற்கும் இடம் வரை விளக்காக வையுங்கள். பிளாஸ்டிக் மங்கு உருகிவிடும். வானம் முழுதாக இருட்டுவதற்குள், எஃப்/2, 1/60 வினாடி, ஐஎஸ்ஓ 3200. ஐந்தாறு மங்காவது முகத்துக்குக் கையெட்டும் தூரத்தில், படத்துக்கு வெளியே ஒரு மேசைமேல் இருக்க வேண்டும். தரை விளக்கு மட்டும் இருந்தால் தாடைக்குக் கீழிருந்து வெளிச்சம் விழுந்து முகம் பயமுறுத்தும். காற்று அடித்தால் அரை மணி வீண், வாசலில் இரண்டு பேர் பாயைப் பிடித்து நிற்கட்டும். கோயிலுக்குள் எடுப்பதற்கு ஆலய நிர்வாகத்தைத் தனியாகக் கேளுங்கள், தோட்ட நிர்வாகி தந்த அனுமதி அங்கே செல்லாது.

கே: அதே தோட்டத்தை டிரோனில் எடுக்கலாமா?
— தம்பி, புக்கிட் ரோத்தான்

ப: பணம் வாங்கிக்கொண்டு எடுப்பதற்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவைத் துறையான ஜூப்பேமின் அனுமதி தனி. 400 அடிக்கு மேல் போகக்கூடாது, கூட்டத்தின் தலைக்கு மேலும் பறக்கவிடக் கூடாது. இதையெல்லாம் வைத்திருப்பவரை அமர்த்துங்கள். கெட்டிமேளத்தின்போது பறக்கவிட்டால் நாதஸ்வரத்தைவிட அதன் இரைச்சல்தான் காணொளியில் கேட்கும்.

கே: இப்போதுதான் தொழிலில் இறங்கியிருக்கிறேன். தாலி கட்டும்போது எல்லாரும் கைப்பேசியோடு முன்னால் வந்துவிடுகிறார்கள். இரண்டு முறை மணப்பெண்ணின் முகமே கிடைக்கவில்லை. எங்கே நிற்பது?
— இளம் படக்காரர், பத்தாங் பெர்ஜுந்தை

ப: மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் திரும்பிக் கட்டும்போது, அவருடைய பக்கம் நிற்பவருக்கு முதுகும் முழங்கையும்தான் தெரியும். பெண்ணின் பக்கத்தில், முன்னால் சற்றே சாய்வாக, மண்டியிட்டு நில்லுங்கள். கேமரா தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். குனிந்த முகம் கீழிருந்து பார்த்தால்தான் கிடைக்கும். ஹோம குண்டத்துக்கு நேரே வேண்டாம், அனல் அலையில் முகம் நெளியும்.

முந்தின நாளே குருக்களிடம் இரண்டு விஷயம் கேட்டுவையுங்கள். பெண் எந்தப் பக்கம் அமர்வார், கெட்டிமேளத்துக்கு முன்பு அவர் என்ன சைகை காட்டுவார். மூன்றாம் முடிச்சுப் போட வரும் நாத்தனாரிடம் "அக்கா, பின்னால் நின்று போடுங்கள், பக்கத்தில் வராதீர்கள்" என்று சொல்லிவையுங்கள். கூட்டத்தை நீங்கள் அதட்டாதீர்கள். பெண்ணின் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் இரண்டு கையை விரித்து நின்றாலே போதும், உறவுக்குக் கட்டுப்படுகிற கூட்டம் அது.

இருண்ட கோயிலுக்குள் எஃப்/2.8, 1/200, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்குங்கள். பிளாஷ் போட்டால் முழுச் சக்தியில் வைக்காதீர்கள். ஒருமுறை மின்னியபின் மறுபடி நிறைய இரண்டு வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் இரண்டாம் முடிச்சு முடிந்துவிடும். 1/8 அல்லது அதற்கும் கீழே வைத்து ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். தகரக் கூரைக்கும் மஞ்சள் கூடாரத் துணிக்கும் பிளாஷை எகிறவிடாதீர்கள், எந்த நிறத்தில் படுகிறதோ அந்த நிறத்தில் திரும்பி வரும். இரண்டு நினைவு அட்டையில் எழுதும் கேமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். இந்தப் பத்துப் பதினைந்து வினாடியை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கட்டும் நேரத்துக்காகக் காத்திருந்து, அதற்கு முந்தின ஐந்து நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேங்காய்மேல் வைத்த தாலி தட்டில் சபையைச் சுற்றி வருகிறதே, அதைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு பெரியவரும் தொட்டுக் கும்பிடுவார். கத்தி பிடித்துத் தழும்பேறிய கை, மோதிரம் இறங்காத வீங்கிய விரல், குழந்தையின் கையைப் பிடித்துத் தொடவைக்கும் அம்மா. முகமே வேண்டாம், தட்டையும் கையையும் மட்டும் 50 மி.மீ., எஃப்/4, 1/250-இல் எடுத்துக்கொண்டே போனால் இருபது முப்பது கைகள் கிடைக்கும். ஆல்பத்தில் அவற்றை ஒரே பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டமாக அடுக்குங்கள். எந்தக் கை யாருடையது என்று அந்தக் குடும்பம் பார்த்தவுடன் சொல்லிவிடும். தட்டைத் தூக்கி வருபவரிடம் மட்டும் மெல்ல நடக்கச் சொல்லிவையுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம். மகள் கல்யாணத்தில் அப்பா படத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். குடும்பப் படத்தில் கணினியில் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொன்னார். செய்யலாமா?
— ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா

ப: அம்மா, மகளின் ஆசை நியாயமானது. கணினியில் சேர்ப்பதைப் பற்றி எங்களுக்கு நல்ல எண்ணமில்லை. பழைய படத்தில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து, புதிய படத்தில் வேறு பக்கமிருந்து விழும். எவ்வளவு திருத்தினாலும் அவர் தனியாக மிதப்பார். நீங்கள் எல்லாரும் ஆறு வயது கூடியிருப்பீர்கள், அவர் அப்படியே இருப்பார். பார்க்கிறபோதெல்லாம் அந்த இடம்தான் கண்ணில் படும்.

இப்படிச் செய்யலாம். கோயிலுக்குக் கிளம்பும் முன், வீட்டில், அலங்காரம் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அவர் படத்தை நாற்காலியிலோ மேசையிலோ மாலையிட்டு வைத்து, மகள் விளக்கேற்றிக் கும்பிடட்டும். சட்டத்தின் கண்ணாடியை முதல் நாளே கழற்றிவிடுங்கள். படம் ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். சட்டத்தின் மேல்பக்கத்தை ஒரு தீப்பெட்டி அளவு முன்னால் சாயவிட்டால் ஜன்னல் அதில் தெரியாது. மகளின் முகமும் அவர் முகமும் ஒருசேரத் தெளிவாக இருக்க, இருவரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து எஃப்/5.6 அல்லது எஃப்/8. அந்த அறையில் அப்போது நீங்களும் மகளும் படமெடுப்பவரும் மட்டும் இருந்தால் நல்லது.

மணவறைக்கு அவர் படத்தைக் கொண்டுபோவது சில குடும்பங்களில் வழக்கம், சிலவற்றில் கூடாது. அதைப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கேயும் கொண்டுபோகக்கூடியது அவருடைய பொருள். அவர் தோளில் போட்ட துண்டு, கைக்கடிகாரம், அவர் எழுத்தில் மகளின் பேர் உள்ள ஒரு காகிதம். மாலைக்குள் அந்தக் கடிகாரம் கட்டியிருப்பதை ஒரே ஒரு கிட்டப்படமாக எடுத்தால் போதும். மகளைக் கைக்குழந்தையாக அவர் தூக்கி நிற்கும் பழைய படம் இருந்தால், அதே வாசற்படியில் மகள் அந்தப் படத்தை நெஞ்சோடு பிடித்து நிற்கலாம்.

கே: மண்டபத்தில் எடுத்த வரவேற்புப் படங்களில் முகமெல்லாம் ஊதா. குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வேறு விழுந்திருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?
— வாசகர், ஈஜோக்

ப: கேமரா நன்றாக இருக்கிறது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு பகுதி மங்கலாகப் பதிந்து பட்டையாகிறது. 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், ஓசையில்லா மின்னணு ஷட்டரை அணையுங்கள். மேடை எல்இடி சிலவற்றின் துடிப்பு வேறு கணக்கு. விருந்தினர் வருமுன் 1/60, 1/80, 1/100, 1/125 என்று நான்கு படம் எடுத்துப் பார்த்தால் எது சுத்தம் என்று தெரிந்துவிடும்.

ஊதாவைப் பிறகு திருத்த முடியாது. அந்த வெளிச்சத்தில் ஊதாவைத் தவிர வேறு நிறமே இல்லை, இல்லாததை எங்கிருந்து எடுப்பது? விளக்குக்காரரிடம் பேசி, மாலை மாற்றும்போதும் மேடையில் குடும்பத்தார் நிற்கும்போதும் முகத்துக்கு மட்டும் வெள்ளை வெளிச்சம் கேளுங்கள். நடனத்தின்போது ஊதாவோ பச்சையோ போட்டுக்கொள்ளட்டும். பின்னால் எல்இடி சுவர் இருந்தால் அதன் வெளிச்சத்தைப் பாதியாக்கச் சொல்லுங்கள். கேமராவில் வைக்காமல் பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் உயரத்தில் பிளாஷ், 1/16 சக்தி, எஃப்/4, ஐஎஸ்ஓ 1600. இது தொடக்கம், அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள்.

கே: கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளோடு படம் எடுக்க முடியுமா?
— நிச்சயமான ஜோடி

ப: நீங்கள் நினைக்கிற மாதிரி முடியாது. ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் கூடும் அந்தப் பூச்சிகளின் ஒளி பதிய ஐஎஸ்ஓ 3200, எஃப்/1.8, பத்து வினாடிக்கு மேல் வேண்டும். அசையும் படகில் அது வெறும் கிறுக்கலாக வரும், நீங்களும் அசைவீர்கள். பிளாஷ் அடித்தால் பூச்சியின் ஒளி படத்தில் மறைந்துவிடும். அதைவிடப் பெரிது, வெளிச்சம் பூச்சிகளின் இணை தேடலைக் குலைக்கும். அங்கே பிளாஷும் கைப்பேசி விளக்கும் கூடாது என்பது அதற்காகத்தான். இருட்டுவதற்கு முன் படகுத்துறையில், மறைந்த சூரியனின் வெளிச்சத்தில் நிழலுருவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் படகில் ஏறுங்கள்.

கே: என் அக்கா கல்யாண ஆல்பத்தில் அவளை அவள் என்றே தெரியவில்லை. அவ்வளவு வெள்ளை. என் கல்யாணத்தில் இப்படி ஆகாமல் இருக்க என்ன சொல்ல வேண்டும்?
— மணப்பெண், ராஜா மூசா

ப: இதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்: "தோல் நிறம் மாற்றக்கூடாது, முக வடிவம் மாற்றக்கூடாது." மாநிறமும் கறுப்பும் திருத்தவேண்டிய குறை அல்ல. அதை அழகாகப் பதியத் தெரியாதவர்தான் வெளுக்கிறார்.

காரணம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது ஒப்பனை. முகம் கழுத்தைவிட இரண்டு சாயல் வெளுப்பாகப் பூசப்பட்டால் கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் தடுப்புச் சேர்ந்த பூச்சும் சிலவகை வெள்ளைப் பவுடரும் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் காட்டும். ஒத்திகை ஒப்பனை நாளில் இருட்டறையில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகமும் மருதாணிக் கையும் ஒரே படத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆளுடையதாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது அளவீடு. வெள்ளை வேட்டி நிறைய இருந்தால் கேமரா படத்தை இருட்டாக்கும். கறுத்த முகம் நிறைந்திருந்தால் தேவைக்கு மேல் வெளுக்கும். முகத்துக்குப் பக்கத்தில் சாம்பல் அட்டை பிடித்து ஒருமுறை அளந்து, கைமுறையில் பூட்டிவிட வேண்டும். கேமரா காட்டும் நிற வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்புக் கோட்டைத் தனியாகப் பார்க்கவும் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கில் கூறைச்சேலையும் தங்கமும் சிவப்பைத்தான் முதலில் உச்சத்தில் முட்டவைக்கும், ஜரிகை தெரியாமல் ஒரே திட்டாகிவிடும். மூன்றாவது, கைப்பேசியின் அழகுபடுத்தும் வசதி. தங்கை எடுக்கிற படத்திலும் அதை அணைக்கச் சொல்லுங்கள்.

கே: குளிர்ந்த காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனி மூடி, மாப்பிள்ளை அழைப்புப் படமே போய்விட்டது. என்ன செய்வது?
— வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை

ப: குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரக்காற்று படிகிறது. துடைத்தால் மறுபடி மூடும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே காரில் குளிர்சாதனத்தை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பையைத் திறக்காமல் வைத்திருங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் பனி உள்ளே போய்விடும். வீட்டில் உலர்பெட்டி 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

கே: இவ்வளவும் படித்தபின் எல்லாவற்றையும் செய்ய ஆசையாக இருக்கிறது. ஒரே கல்யாணத்தில் எத்தனை முடியும்?
— முதலில் எழுதிய அதே மணப்பெண்

ப: கல்யாண நாளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தாலித் தட்டின் கைகளுக்குக் கூடுதல் நேரமே தேவையில்லை, அது சடங்கோடு போகிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி படத்துக்குத் திரை கட்டி, விளக்கு வைத்து, நிற்கப் பழக ஒன்றரை மணி ஆகும். அதை நலங்குக்கு முந்தின வாரமே முடித்துவிடுங்கள், முகத்தில் மஞ்சள் சாயல் ஏறுவதற்கு முன். மங்கு விளக்குக்கு ஒரு மாலை முழுக்க வேண்டும், கல்யாணத்தன்று நினைக்கவே வேண்டாம். மறுவீடு முடிந்த பிறகு ஒரு மாலை வைத்துக்கொள்ளலாம். மழை வந்தால் இன்னொரு மாலை. அதுவரை கூறைச்சேலையைச் சலவைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.